மன்னிக்கப்பட்ட பாவம் ஏன் மனதைவிட்டு நீங்குவதில்லை?

மனந்திரும்பி, கண்ணீரோடு பாவ அறிக்கை செய்து, திருவிருந்தில் பலமுறை பங்குபெற்று, ஆண்டுகள் பல கடந்த பிறகும் பழைய பாவம் ஒன்று திடீரென்று நினைவுக்கு வந்து நெஞ்சை அழுத்துவதாகச் சொல்லும் விசுவாசிகள் எல்லாச் சபைகளிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய குழப்பம் நியாயமானது. "நான் அவர்கள் அக்கிரமத்தை மன்னித்து, அவர்கள் பாவங்களை இனி நினையாதிருப்பேன்" என்று எரேமியா 31:34-இல் கர்த்தர் வாக்குக் கொடுக்கிறார். தேவனே நினையாதிருக்கும் ஒன்று எனக்கு மட்டும் இத்தனை தெளிவாக ஏன் நினைவிருக்கிறது, அப்படியானால் எனக்கு இன்னும் மன்னிப்புக் கிடைக்கவில்லையா என்று அவர்கள் தங்களுக்குள்ளேயே கேட்டுக்கொள்கிறார்கள். வெளியே கேட்பவர்கள் குறைவு. கேட்டால் விசுவாசம் குறைந்தவர் என்று மற்றவர்கள் எண்ணிவிடுவார்களோ என்ற தயக்கமே காரணம்.

இந்த ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. மன்னிக்கும் தேவன் மறந்துபோகிறாரா என்பது ஒன்று. மன்னிப்புப் பெற்றவன் மறந்தாக வேண்டுமா என்பது மற்றொன்று. இரண்டையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தால்தான் முடிச்சு அவிழும். கிறிஸ்தவ வேதாகமத்தையும் திருச்சபை வரலாற்றில் சிலருடைய அனுபவத்தையும் கொண்டு, இந்த விஷயத்துக்குப் புதியவர்களும் புரிந்துகொள்ளும்படி அதை இங்கே விளக்க முயல்கிறேன்.

தேவன் மறந்துபோகிறாரா?

மறதி என்பது மனிதரிடம் காணப்படும் ஒரு குறை. வயதாகும்போது பெயர்கள் நழுவுகின்றன. வேலைப்பளுவில் நாள்கள் மறக்கின்றன. இத்தகைய மறதியைத் தேவன்மேல் ஏற்றிச் சொன்னால், நான் அறிந்திருக்கும் ஒன்றை, அதாவது என் பழைய பாவத்தை, அவர் அறியாதிருக்கிறார் என்ற பொருந்தாத முடிவுக்கு வந்துசேருவோம். "நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார்" என்று 1 யோவான் 3:20 கூறுகிறது. இந்த வசனம் நம்மை அச்சுறுத்துவதற்காக எழுதப்பட்டதன்று. சகலத்தையும் அறிந்தவர் சகலத்தையும் அறிந்த நிலையிலேயே நம்மை ஏற்றுக்கொண்டிருக்கிறார் என்று ஆறுதல் சொல்வதற்காக எழுதப்பட்டது என்றே அதன் சூழலை வாசிக்கும்போது விளங்குகிறது. பாதி தெரிந்து மன்னித்தவர் மீதி தெரிந்ததும் மனம் மாறக்கூடும். முழுவதும் தெரிந்து மன்னித்தவரிடம் அந்த அபாயம் இல்லை.

வேதாகமமே இதற்குச் சாட்சி. இஸ்ரவேலின் அரசனாகிய தாவீது பத்சேபாளிடம் செய்த பாவமும், அவளுடைய கணவன் உரியாவைப் போர்முனையில் மாளச் செய்த சூழ்ச்சியும் 2 சாமுவேல் 11-ஆம் அதிகாரத்தில் ஒளிவுமறைவின்றி எழுதப்பட்டிருக்கின்றன. தாவீது மனந்திரும்பினான், மன்னிப்பும் பெற்றான். ஆயினும் அந்த அதிகாரம் நீக்கப்படவில்லை. அதற்கும் மேலாக, மத்தேயு எழுதிய இயேசு கிறிஸ்துவின் வம்ச வரலாற்றில் சாலொமோனின் தாயைப் பற்றிச் சொல்லும்போது அவள் பெயரைச் சொல்லாமல், "உரியாவின் மனைவியாயிருந்தவளிடத்தில்" என்று உரியாவின் பெயரையே எழுதுகிறார். மன்னிப்பு என்றால் நடந்ததை அழித்துவிட்டு நடக்காததுபோலக் காட்டுவது என்று பொருளானால், இந்தப் பெயர் அங்கே வந்திருக்கக் கூடாது.

அப்படியானால் "இனி நினையாதிருப்பேன்" என்ற வாக்கு எதைக் குறிக்கிறது? தேவன் ஒருவரை நினைத்தார் என்று வேதாகமம் சொல்லும் இடங்களைக் கவனித்தால் விடை தெரியும். ஆதியாகமம் 8:1-இல் தேவன் நோவாவை நினைத்தருளினார் என்று வாசிக்கிறோம். உடனே அவர் பூமியின்மேல் காற்றை வீசப்பண்ணுகிறார், வெள்ளம் வடியத் தொடங்குகிறது. 1 சாமுவேல் 1:19-இல், பிள்ளையில்லாதிருந்த அன்னாளைக் கர்த்தர் நினைந்தருளினார் என்று வாசிக்கிறோம். அடுத்த வசனத்திலேயே சாமுவேல் பிறக்கிறான். பேழைக்குள் இருந்த நோவாவைத் தேவன் அதுவரை மறந்திருந்து, ஒருநாள் ஞாபகம் வந்து எழுந்தார் என்று யாரும் பொருள் கொள்வதில்லை. தேவன் நினைப்பது என்பது அவர் ஒருவரை முன்னிட்டுச் செயல்படத் தொடங்குவது. இதையே மறுபக்கம் திருப்பினால், ஒருவனுடைய பாவத்தை நினையாதிருப்பது என்பது அந்தப் பாவத்தை முன்னிட்டு அவனுக்கு எதிராக இனி எதையும் செய்யாதிருப்பது. நியாயத்தீர்ப்பில் அதை எடுத்து வைக்காதிருப்பதும், அதைக் கொண்டு அவனை நடத்தாதிருப்பதும், உறவுக்கு நடுவே அதைத் தடையாக நிறுத்தாதிருப்பதும் இதில் அடங்கும்.

இதை எல்லாவற்றையும்விட அழகாகச் சொல்வது 25-ஆம் சங்கீதத்தின் 7-ஆம் வசனம் என்பது என் எண்ணம். "என் இளவயதின் பாவங்களையும் என் மீறுதல்களையும் நினையாதிரும், கர்த்தாவே, உம்முடைய தயையினிமித்தம் என்னை உமது கிருபையின்படியே நினைத்தருளும்." ஒரே மூச்சில் சங்கீதக்காரன் நினையாதிரும் என்றும் வேண்டுகிறான், நினைத்தருளும் என்றும் வேண்டுகிறான். பாவத்தை நினையாதிரும், பாவம் செய்த என்னை நினைத்தருளும். தேவனுடைய மன்னிப்பில் மறைக்கப்படுவது பாவம், பாவி மறக்கப்படுவதில்லை. கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு: சங்கீதக்காரன் தன் இளவயதின் பாவங்களைத் தான் மறந்துவிடவில்லை. அவை நினைவில் இருப்பதால்தான் இந்த ஜெபமே பிறக்கிறது.

நம் ஊரில் கொடுக்கல் வாங்கல் செய்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கடன் முழுவதும் தீர்ந்தபின், கொடுத்தவர் புரோநோட்டில் உள்ள கையெழுத்தைக் கிழித்து அதை வாங்கியவரிடமே திருப்பித் தந்துவிடுவார். இன்னாருக்கு இவ்வளவு கொடுத்திருந்தேன் என்பது அவருக்கு மறந்துபோவதில்லை. ஆனால் அதைக் காட்டி இனி ஒரு ரூபாய்கூடக் கேட்க முடியாது. கொலோசெயர் 2:14-இல் அப்போஸ்தலனாகிய பவுல் கையாளும் காட்சியும் இதுவே. நமக்கு விரோதமாக இருந்த "கையெழுத்தைக் குலைத்து, அதை நடுவிலிராதபடிக்கு எடுத்து, சிலுவையின்மேல் ஆணியடித்து" என்று எழுதும்போது, தேவன் கணக்கைக் கவனியாமல் விட்டுவிட்டார் என்று அவர் சொல்லவில்லை. கணக்கு தீர்க்கப்பட்டது, அதுவும் கிறிஸ்துவின் மரணத்தினால் தீர்க்கப்பட்டது என்று சொல்கிறார்.

எபிரெயர் நிருபம் இந்த இடத்தில் ஒரு முக்கியமான வேறுபாட்டைக் காட்டுகிறது. பழைய ஏற்பாட்டுக் காலத்தில் ஆண்டுக்கு ஒருமுறை பாவநிவாரண நாள் அனுசரிக்கப்பட்டது. லேவியராகமம் 16-ஆம் அதிகாரத்தின்படி அன்று இரண்டு வெள்ளாட்டுக்கடாக்கள் கொண்டுவரப்படும். ஒன்று பலியிடப்படும். போக்காடு எனப்படும் மற்றொன்றின் தலையில் பிரதான ஆசாரியனாகிய ஆரோன் தன் இரண்டு கைகளையும் வைத்து, இஸ்ரவேலரின் அக்கிரமங்களையெல்லாம் அறிக்கையிட்டு, அதை ஓர் ஆள் வசமாக வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுவான். ஆனால் அடுத்த ஆண்டும் அதே சடங்கு, அதே அறிக்கை. அந்தப் பலிகளைப் பற்றி, "பாவங்கள் உண்டென்று அவைகளினாலே வருஷந்தோறும் நினைவுகூருதல் உண்டாயிருக்கிறதே" என்று எபிரெயர் 10:3 குறிப்பிடுகிறது. அதே அதிகாரம் சில வசனங்கள் கழித்து எரேமியாவின் வாக்கை எடுத்துக்காட்டி, இவை மன்னிக்கப்பட்டபின் பாவத்துக்காக இனிப் பலி செலுத்தப்படுவதில்லை என்று முடிக்கிறது. மன்னிக்கப்பட்ட பாவத்துக்காக ஒவ்வொரு ஆண்டும், சிலர் ஒவ்வொரு இரவும், தங்களைத் தாங்களே தண்டித்து ஒரு புதிய பலியைச் செலுத்த முயல்வது, அறியாமலே அந்தப் பழைய வட்டத்துக்குத் திரும்பிப் போவதாகும்.

மன்னிப்பும் விளைவும்

இங்கே ஒரு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். மன்னிப்புக் கிடைத்தாலும் பாவத்தின் விளைவுகள் எல்லாம் உடனே மறைந்துவிடுவதில்லை. தீர்க்கதரிசியாகிய நாத்தான் தாவீதிடம் "நீ சாகாதபடிக்கு, கர்த்தர் உன் பாவம் நீங்கச்செய்தார்" என்று அறிவித்த அதே சந்திப்பில், பட்டயம் அவன் வீட்டைவிட்டு விலகாது என்றும் சொன்னான். தாவீதின் குடும்ப வரலாறு அப்படியே நடந்தது. குடியினால் கெட்டுப்போன உடல்நலம், பொய்யினால் இழந்த நம்பிக்கை, கோபத்தினால் முறிந்த திருமணம் ஆகியவை மன்னிப்புக்குப் பிறகும் தொடரலாம். விளைவு தொடர்வதைக் கண்டு, தேவன் இன்னும் என்மேல் கோபமாயிருக்கிறார் என்று முடிவு செய்வது தவறு. பாவ அறிக்கைக்குப் பின்னும் பரிகாரம் செய்ய வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபை போதிக்கிறது. சீர்திருத்தச் சபைகள் கிறிஸ்துவின் பலியே முழுமையானது என்று வலியுறுத்துகின்றன. இந்த வேறுபாடு பெரியதுதான். ஆனாலும் மன்னிப்பு என்பது விளைவுகளிலிருந்து தப்பிக்கும் வழியன்று என்பதில் இரண்டு மரபுகளும் ஒத்துப்போகின்றன.

பதினேழு ஆண்டுகள் நம்பப்படாத மன்னிப்பு

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். மன்னிக்கப்பட்டவன் படும் பாட்டை வேதாகமத்தில் மிக நுட்பமாகக் காட்டும் கதை யோசேப்பின் சகோதரருடையது.

யோசேப்பு பதினேழு வயதில் சகோதரர்களால் இருபது வெள்ளிக்காசுக்கு விற்கப்பட்டான். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு பஞ்சத்தில் தானியம் வாங்க எகிப்துக்கு வந்த அந்தச் சகோதரர், அதிபதியாயிருந்த அவனை அடையாளம் கண்டுகொள்ளாமலே அவன்முன் நின்றார்கள். ஒரு நெருக்கடி வந்தவுடன், தங்களைக் கெஞ்சிய தம்பியின் மனவியாகுலத்தைக் கண்டும் கேளாமற்போனோமே, அதனாலேதான் இந்தத் துன்பம் வந்தது என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். இருபது ஆண்டுகளும் அந்தக் கதறல் அவர்கள் காதுகளில் இருந்திருக்கிறது. பின்னர் யோசேப்பு தன்னை வெளிப்படுத்தினான். அவர்களைக் கட்டிக்கொண்டு அழுதான். சஞ்சலப்பட வேண்டாம் என்றான். கோசேன் நாட்டில் குடியேற்றினான். ஆகாரம் கொடுத்துக் காத்தான்.

அவர்களுடைய தகப்பனாகிய யாக்கோபு எகிப்து தேசத்தில் பதினேழு ஆண்டுகள் வாழ்ந்து மரித்தான் என்று ஆதியாகமம் 47:28 சொல்கிறது. அந்தப் பதினேழு ஆண்டுகளும் சகோதரர் யோசேப்பின் தயவிலேயே வாழ்ந்தார்கள். ஆனால் தகப்பனை அடக்கம்பண்ணித் திரும்பியவுடன், இனி யோசேப்பு நம்மைப் பழிவாங்குவான் என்ற பயம் அவர்களைப் பிடித்தது. நேரில் வர அஞ்சி ஆளனுப்பினார்கள். மன்னித்துவிடும்படி தகப்பனார் மரிக்குமுன் சொன்னார் என்று செய்தி சொல்லச் செய்தார்கள். யாக்கோபு அப்படிச் சொன்னதாக வேறெங்கும் எழுதப்படவில்லை. அதைக் கேட்டபோது யோசேப்பு அழுதான் என்று 50:17 கூறுகிறது.

அந்த அழுகையை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். கொடுத்த மன்னிப்பு இத்தனை காலமும் நம்பப்படவில்லை என்பதை அறிந்த ஒருவனின் வேதனை அது. அவர்கள் உண்ட ஒவ்வொரு கவளமும் மன்னிப்பின் அடையாளமாக இருந்தது. அவர்களோ அதைத் தகப்பனுக்காகப் பொறுத்துக்கொண்ட தற்காலிக நிறுத்தமாகவே எண்ணியிருந்தார்கள். பாவத்தின் நினைவு அவர்களிடம் இருந்தது குற்றமில்லை. அந்த நினைவை வைத்து யோசேப்பின் மனத்தை அளந்ததுதான் அவர்கள் தடுமாறிய இடம்.

யோசேப்பும் நடந்ததை மறந்துவிடவில்லை. தன் மூத்த மகனுக்கு மனாசே என்று பெயரிட்டபோது, தன் வருத்தம் யாவற்றையும் மறக்கும்படி தேவன் செய்தார் என்று சொன்னவன் அவன். அவனே ஆண்டுகள் கழித்து, "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ … அதை நன்மையாக முடியப்பண்ணினார்" என்று சகோதரரிடம் சொல்கிறான். தீமையைத் தீமை என்றே பெயர் சொல்லி அழைக்கிறான். அந்த நினைவின் கசப்பு போய்விட்டது. நினைவு மட்டும் இருக்கிறது.

கரிநெருப்பின் அருகே

பேதுருவின் கதை இதைவிட நெருக்கமானது. பிரதான ஆசாரியனின் முற்றத்தில், குளிர் அதிகமாயிருந்த இரவில், ஊழியக்காரரும் சேவகரும் கரிநெருப்பு மூட்டிக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார்கள் என்று யோவான் 18:18 எழுதுகிறது. அந்த நெருப்பின் அருகே நின்றுகொண்டுதான் பேதுரு இயேசுவை மறுதலித்தான். உயிர்த்தெழுந்த இயேசு திபேரியாக் கடற்கரையில் சீஷருக்குக் காட்சியளித்த காலையில், படகைவிட்டு இறங்கியவர்கள் முதலில் கண்டது "கரிநெருப்புப் போட்டிருக்கிறதையும், அதின்மேல் மீன் வைத்திருக்கிறதையும்" என்று 21:9 சொல்கிறது. கரிநெருப்பு மூட்டப்பட்டதாகப் புதிய ஏற்பாட்டில் வரும் இடங்கள் இவ்விரண்டே. கரி எரியும் வாசனை ஒருவனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

உணவு முடிந்தபின் இயேசு கேட்டதைக் கவனியுங்கள். ஏன் மறுதலித்தாய் என்று அவர் கேட்கவில்லை. முற்றத்தைப் பற்றியோ சேவல் கூவியதைப் பற்றியோ ஒரு வார்த்தையும் பேசவில்லை. நீ என்னை நேசிக்கிறாயா என்று மட்டும் கேட்டார். ஆனால், அவன் மறுதலித்த எண்ணிக்கைப்படியே, மூன்றுமுறை கேட்டார். மூன்றாம் முறை கேட்டபோது பேதுரு துக்கப்பட்டான் என்று யோவான் குறிப்பிடுவதால், எண்ணிக்கை அவனுக்குப் புரிந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு பதிலுக்கும் பின்னால் தம் ஆடுகளை மேய்க்கும் பொறுப்பை இயேசு அவனிடம் ஒப்படைத்தார். மறுதலித்த நினைவை அவர் அழிக்கவில்லை. அந்த நினைவு புண்ணாயிருந்த இடத்தைத் தொட்டு, அதே இடத்தில் ஓர் ஊழியத்தை வைத்தார். இனிமேல் பேதுரு அந்த இரவை எண்ணும்போதெல்லாம் இந்தக் காலையும் சேர்ந்தே வரும்.

நினைவுக்கு ஒரு வேலை

மனந்திரும்பியவரிடம் நினைவு தங்குவதற்கு ஒரு காரணம் உண்டு என்பதைப் பவுலின் நிருபங்களில் தெளிவாகக் காணலாம். "பின்னானவைகளை மறந்து, முன்னானவைகளை நாடி" என்று பிலிப்பியர் 3-ஆம் அதிகாரத்தில் எழுதியவர் அவர். பலர் இந்த வசனத்தைக் காட்டியே, பழையதை நினைத்தாலே பாவம் என்று பேசுகிறார்கள். ஆனால் அதே அதிகாரத்தில், சில வசனங்களுக்கு முன்னர்தான், தான் சபையைத் துன்பப்படுத்தினவன் என்பதை எழுதியிருக்கிறார். மேலும் அங்கே அவர் பின்னே தள்ளுவதில் பெரும்பகுதி பாவங்கள்கூட அல்ல. பிறப்பு, குலம், பக்தி ஆகியவற்றால் வந்த பெருமைகள். 1 கொரிந்தியர் 15:9-இல் சபையைத் துன்பப்படுத்தியதால் அப்போஸ்தலன் என்று பேர்பெறவும் தான் பாத்திரன் அல்ல என்கிறார்; அடுத்த வசனத்திலேயே தேவகிருபையினால் தான் இருக்கிறதாகச் சொல்லி, மற்றெல்லாரையும்விட அதிகமாய்ப் பாடுபட்டதையும் கூறுகிறார். நினைவு அவரை முடக்கவில்லை. 1 தீமோத்தேயு 1-ஆம் அதிகாரத்தில் தன்னைப் பாவிகளில் பிரதான பாவி என்று சொல்வதற்கும் காரணம் தருகிறார்: இனி விசுவாசிக்கப்போகிறவர்களுக்குத் தான் ஒரு மாதிரியாக இருக்கும்படி இரக்கம் பெற்றேன் என்கிறார். தன் கடந்தகாலத்தை அவர் மற்றவருடைய நம்பிக்கைக்காகச் செலவிடுகிறார்.

பிற்காலத்தில் இதற்கு வலிமையான சான்று ஜான் நியூட்டன். 'அமேசிங் கிரேஸ்' என்ற பாடலை எழுதியவர் என்று பலரும் அவரை அறிவார்கள். 1748-இல் அட்லாண்டிக் கடலில் ஒரு புயலில் சிக்கியபோது தேவனை நோக்கிக் கூப்பிட்டதைத் தன் மனமாற்றத்தின் தொடக்கமாக அவர் கருதினார். ஆனால் அதன் பின்னரும் அடிமைக் கப்பல்களின் தலைவராக ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களை ஏற்றிச் சென்றார். 1754-இல் உடல்நலக் குறைவினாலேயே கடலைவிட்டார். 1764-இல் இங்கிலாந்துத் திருச்சபையில் குருவானார். அடிமை வியாபாரத்தை வெளிப்படையாகக் கண்டித்து அவர் ஒரு நூலை வெளியிட்டதோ 1788-இல். கப்பலின் அடித்தளத்தில் இரண்டு அடுக்குகளாக, ஒருவரோடு ஒருவர் நெருக்கி, விலங்கிட்டுக் கிடத்தப்பட்டவர்களைப் பற்றி, நேரில் கண்டவராக மட்டுமல்லாமல் அதைச் செய்தவராக அவர் அதில் எழுதினார். இப்போது தன் இருதயம் நடுங்கும் ஒரு தொழிலில் ஒருகாலத்தில் தானும் ஒரு கருவியாயிருந்தது, தன்னைத் தாழ்த்தும் நினைவாக எப்போதும் இருக்கும் என நம்புவதாகவும் குறிப்பிட்டார். நாடாளுமன்ற விசாரணையிலும் சாட்சியம் அளித்தார். 1807 மார்ச்சில் பிரிட்டன் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்யும் சட்டத்தை இயற்றியதைப் பார்த்துவிட்டு, அதே ஆண்டு டிசம்பரில் இறந்தார்.

நியூட்டன் தன் பாவத்தை மறந்திருந்தால் அந்த நூல் எழுதப்பட்டிருக்காது. அவர் பேசுவதற்கு எடுத்துக்கொண்ட நீண்ட காலமும் கவனிக்கத்தக்கது. தேவனுடைய மன்னிப்பைப் பற்றி உருக்கமாகப் பாடிய ஒருவர், தான் விலங்கிட்ட மனிதர்களைப் பற்றி வெளிப்படையாகப் பேச மூன்று பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மன்னிப்பின் மகிழ்ச்சி சில வேளைகளில் நாம் காயப்படுத்தியவர்களின் முகத்தை மறைத்துவிடக்கூடும். நினைவு தங்குவது அந்த முகத்தை மறைய விடாதபடிக்குத்தான் என்று நினைக்கிறேன்.

நினைவு நோயாகும்போது

நினைவு பயன் தருவதற்குப் பதிலாக மனிதனை அரித்துத் தின்னும் நிலையும் உண்டு. இயேசு சபை என்னும் கத்தோலிக்கத் துறவற சபையைத் தோற்றுவித்த லொயோலா இஞ்ஞாசியார் 1522-இல் ஸ்பெயின் நாட்டின் மொன்செராத் மடாலயத்தில் தன் வாழ்நாளின் பாவங்களையெல்லாம் எழுதி, மூன்று நாள்கள் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்தார். பிறகு அருகிலிருந்த மன்ரேசாவில் தங்கியபோது, ஏதோ ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டோமோ என்ற ஐயம் அவரைப் பிடித்துக்கொண்டது. திரும்பத் திரும்ப அறிக்கையிட்டார், திருப்தி வரவில்லை. மணிக்கணக்காக ஜெபித்தார், ஒரு வாரம் உண்ணா நோன்பு இருந்தார். உயிரையே மாய்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வரும் அளவுக்கு அது வளர்ந்தது. கடைசியில், இந்த உந்துதல் எங்கே கொண்டுபோகிறது என்பதைக் கவனித்து, இது தேவனிடமிருந்து வரவில்லை என்று உணர்ந்து, பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று தீர்மானித்தார். அன்றுமுதல் அந்த வேதனையிலிருந்து விடுதலை பெற்றதாகத் தன் வரலாற்றில் கூறியிருக்கிறார்.

இஞ்ஞாசியார் கண்டுகொண்ட அளவுகோல் எளிமையானது: நினைவு எங்கிருந்து வருகிறது என்று தேடுவதைவிட, அது எங்கே இட்டுச்செல்கிறது என்று பார்க்க வேண்டும். தேவ ஆவியானவரின் உணர்த்துதல் குறிப்பானது. இன்னாரிடம் இன்னதைச் செய்தாய், போய்ச் சரிசெய் என்று சொல்லும்; செய்தபின் அமைதி தரும். குற்றஞ்சாட்டும் குரலோ நீ இப்படிப்பட்டவன் என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். செய்வதற்கு எதையும் காட்டாது. ஜெபத்திலிருந்தும் சபையிலிருந்தும் ஒளிந்துகொள்ளத் தூண்டும். தேவனுக்கேற்ற துக்கம் இரட்சிப்புக்கேதுவான மனந்திரும்புதலை உண்டாக்குகிறது, லௌகிக துக்கமோ மரணத்தை உண்டாக்குகிறது என்று 2 கொரிந்தியர் 7:10 பிரித்துக் காட்டுவதும் இதையே.

ஆகவே பழைய பாவம் நினைவுக்கு வரும்போது முதலில் கேட்க வேண்டியது, நான் செய்ய வேண்டியது ஏதாவது மீதியிருக்கிறதா என்பதே. திருப்பித் தராத பணம், கேட்காத மன்னிப்பு, திருத்தாத பொய் ஏதேனும் இருந்தால் அதைச் செய்ய வேண்டும்; வரி வசூலிப்பவனான சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திருப்பித் தர முன்வந்ததும் இப்படித்தான். எதுவும் மீதியில்லை என்றால், மீண்டும் மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக, கிடைத்த மன்னிப்புக்காக நன்றி சொல்லிவிட்டு அன்றைய வேலைக்குப் போகலாம். நாளடைவில் நினைவு இருக்கும், அதன் கொடுக்கு இருக்காது. பழைய துக்கத்தைத் துக்கமின்றி நினைக்க முடிகிறதே என்று பழங்காலத் திருச்சபையின் பேராசானாகிய அகுஸ்தீன் வியந்து எழுதியிருக்கிறார். பதினாறு வயதில் நண்பர்களோடு பேரிக்காய் திருடியதை நாற்பது வயதுக்குமேல் ஆராய்ந்து எழுதியவர் அவர். ஆனால் எவ்வளவு முயன்றும் அதே எண்ணம் சுற்றிச் சுற்றி வந்து உறக்கத்தையும் உணவையும் கெடுக்குமானால், போதகரிடம் பேசுவதோடு மனநல மருத்துவரையும் பார்க்க வேண்டும். அது விசுவாசக் குறைவாகாது. குற்ற உணர்வையே உருவமாகக் கொள்ளும் மனநோய்கள் உண்டு, அவற்றுக்குச் சிகிச்சையும் உண்டு.

மற்றவர்கள் நினைவில் வைத்திருப்பது

லூக்கா 15-இல் வரும் கெட்ட குமாரன் உவமையில், திரும்பி வந்த மகன் தான் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் தகப்பன் வஸ்திரமும் மோதிரமும் பாதரட்சையும் கொண்டுவரச் சொல்லிவிடுகிறான். கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும் என்ற கடைசி வரி சொல்லப்படவே இல்லை. அந்த வீட்டில் பாவத்தைப் பட்டியலிடுபவன் மூத்த மகன் மட்டுமே. தம்பி என்றுகூடச் சொல்லாமல், "உம்முடைய குமாரனாகிய இவன்" என்கிறான். மனந்திரும்பிய ஒருவரின் பழைய கதையைச் சபைத் தேர்தலிலும் கல்யாணப் பேச்சிலும் இழுத்து வைத்துப் பேசுகிறவர்கள், தாங்கள் எந்த மகனின் இடத்தில் நிற்கிறோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டியது அதைத்தான். கர்த்தரே மறந்துவிட்டார், நீ ஏன் மறக்கவில்லை என்று காயப்பட்டவரிடம் கேட்பது கொடுமை. தேவன் பாவியைத் தம்முடைய தீர்ப்பிலிருந்து விடுவிக்கிறார் என்பதால், பாதிக்கப்பட்டவருடைய காயம் ஆறிவிட்டதாகாது. நாட்டின் சட்டமும் தன் வேலையை நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை. குழந்தைகளிடத்திலோ பெண்களிடத்திலோ அத்துமீறியவர் மனந்திரும்பிவிட்டதாகச் சொல்லும்போது, அந்தச் சொல்லை வைத்தே புகாரை மூடிவிடுவதும், மறுபடியும் அவரிடம் அதே பொறுப்பைக் கொடுப்பதும் மன்னிப்பைத் திரையாக்குவதாகும். உண்மையாய் மனந்திரும்பியவர் தன் செயலுக்கான விசாரணையையும் தண்டனையையும் தானே ஏற்றுக்கொள்வார். பாதிக்கப்பட்டவர் எப்போது, எந்த அளவுக்கு மன்னிக்க முடியும் என்பது அவருக்கும் தேவனுக்கும் இடையிலான விஷயம்.

இறுதியாக, பரலோகத்தில் இந்த நினைவுகள் இருக்குமா என்று சிலர் கேட்பதுண்டு. முந்தினவைகள் இனி நினைக்கப்படுவதில்லை என்று ஏசாயா 65:17 புதிய வானத்தையும் புதிய பூமியையும் பற்றிச் சொல்வதைக் கொண்டு, எல்லாம் மறைந்துவிடும் என்று கருதுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வசனத்துக்கு முந்திய வசனம், மறக்கப்படுவது முந்தின இடுக்கண்கள் என்று சொல்கிறது. நான் அதன்படியே துயரத்தின் நினைவு நீங்கும் என்று புரிந்துகொள்கிறேன். வெளிப்படுத்தின விசேஷம் 5-ஆம் அதிகாரத்தில் ஆட்டுக்குட்டியானவராகிய கிறிஸ்து அடிக்கப்பட்ட வண்ணமாகவே சிங்காசனத்தின் மத்தியில் நிற்கிறார்; அங்கே பாடப்படும் புதிய பாட்டு, அவர் தம்முடைய இரத்தத்தினாலே மனிதரை மீட்டுக்கொண்டதைப் பற்றியது. எதிலிருந்து மீட்கப்பட்டோம் என்பதை முற்றிலும் அறியாதவர்கள் அந்தப் பாட்டைப் பொருள் உணர்ந்து பாட முடியாது.